முந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும்

தொலைநோக்கி விற்கிறவனிடம் ஒவ்வொரு வாடிக்கையாளரும் இரண்டு முறை வருவார்: முதல் முறை ஆசையோடு, இரண்டாம் முறை குழாயோடு. மூக்குக் கண்ணாடி விற்கிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டவர் எதிர்க் கடைப் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு, படிக்க முடிந்த சந்தோஷத்தில் நடையைக் கட்டிவிடுவார். சனிக்கிரகத்தைப் பார்க்க வாங்கிப் போனவரோ, சனி உதிக்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு திரும்பி வருவார். அதற்குள் கடைக்காரன் பில் புத்தகமே மாற்றியிருப்பான்.

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் அதன் விழுப்புரம் கிளை. எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும் வால்நட்சத்திரம் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததால், எங்கள் முதலாளி வடநாட்டுக் கம்பெனி ஒன்றின் தொலைநோக்கிகளுக்கு ஏஜென்சி எடுத்தார். நான் பௌதிகம் படித்தவன் என்பதால் வானம் முழுவதும் என் பொறுப்பில் விடப்பட்டது. விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பி, பார்சலைப் பிரித்து, அதையும் விளம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ள அன்பர்களே, நாம் ஒரே இனத்தார். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

பெட்டியின் மேல் இருந்த சனி

கம்பெனிப் பெட்டியின் மேல் ஒரு படம். அப்பா, அம்மா, பையன் மூவரும் நல்ல பகல் வெளிச்சத்தில் குழாயைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளையத்தோடு சனி. கீழே, "முந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும். பத்து மைல் தொலைவிலுள்ள கடிகாரத்தில் மணி பார்க்கலாம்." திண்டிவனத்தைச் சுற்றிப் பத்து மைலில் வெளியே தெரியும்படி மாட்டி, ஓடிக்கொண்டும் இருந்த கடிகாரம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தைப் பொய்யென்று நிரூபிக்க எவராலும் முடியவில்லை.

முதல் பெட்டியை வாங்கியவர் வல்லம் பக்கத்துக் கிராமத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி தரணேந்திரன். அந்தப் பக்கத்துப் பழைய ஜைனக் குடும்பத்துக்காரர்களை நயினார் என்றே கூப்பிடுவது வழக்கம். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெட்டியில் இருந்ததை அவர் இரண்டு தரம் படித்தார். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குன்னு மேல பாறையில செதுக்கியிருக்கிற உருவம், கீழ இருந்து பார்த்தா தெரியுமா தம்பி?" என்றார். எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் என் தூக்கம் கெட்டிருக்காது.

"எங்க ஊட்ல தை மொதல் வாரம் காய்ச்சல்ல படுத்துக்கினு இருக்கும்போது ஒரு நேமம் எடுத்துக்கினாங்க. குன்னு மேல ஏறி இருபத்துநாலு தீர்த்தங்கரரையும் தரிசனம் பண்ற வரைக்கும் பால், தயிர், நெய் தொட மாட்டேன், ஒரு வேளைதான் சாப்பாடுன்னு. காய்ச்சல் உட்டுச்சி. அதுக்கப்புறம் பாண்டிச்சேரி டாக்டர் பார்த்துட்டு, இருதயம் ரொம்ப வீக்கு, மலைப்பக்கமே போவக் கூடாது, தெனம் ரெண்டு வேளை பால் குடிக்கணும்னுட்டார். ஏறுனாதான் பாலு. ஏறக் கூடாது. ஆள் கரைஞ்சிக்கினே போறா."

நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாமே என்றேன். "கேட்டனே. என் நேமத்துக்கு நாலு பேர் தோள் புண்ணாவணுமா, அது என்னா புண்ணியம்ங்கறா" என்றார். பிற உயிருக்கு நோவு தரக்கூடாது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த அம்மாள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாழ்கிறவர் என்று புரிந்தது. குழாயை நம்பி உறுதி சொல்ல முடியாது, பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தேன். பைனாகுலர் வாங்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். ஆனால் பைனாகுலர் எட்டு மடங்கு, இது முந்நூறு. மனைவி மெலிந்துகொண்டிருக்கும்போது எந்தக் கணவன் எட்டைத் தேர்ந்தெடுப்பான்? நயினார் பெட்டியை இடுக்கிக்கொண்டு சொன்னது வியாபாரியின் வாக்கு.

"முந்நூறுல பாதி பொய்யின்னாலும் நூத்தம்பது இருக்குமே தம்பி."

தென்னை மரத்தின் வேர்

இரண்டாம் வருகை விரைவிலேயே நடந்தது. துண்டில் சுற்றிய குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு, "மாடியில வெச்சிப் பார்த்தேன். தென்னமரம் வானத்துலேர்ந்து கீழ தொங்குது. மாடு மேல இருந்து மேயுது" என்றார். வானத்தைப் பார்ப்பதற்கான தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகத்தான் விழும், வானத்தில் மேல் கீழ் என்பது கிடையாது, ஆதலால் வானியல்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று விரிவாக விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, என் விளக்கம் எவ்வளவு சரியோ அவ்வளவு பயனற்றது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"மாடு தலைகீழா மேயட்டும், யார் கேக்கப் போறா. தீர்த்தங்கரரை எப்படி தம்பி தலைகீழாப் பார்க்கறது?" என்றார். பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ் ஒன்றைக் கம்பெனி தனியாக விற்றது. அதைப் பொருத்தியதும் உருவம் நிமிர்ந்தது, உடனே இருட்டிலும் போய்விட்டது. அம்மாளைக் கட்டிலில் குன்றுக்குத் தலை வைத்துப் படுக்க வைத்தால் சரியாகுமா என்று நயினார் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. கட்டிலின் நீளத்தைக்கூடச் சொன்னார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், மறுவாரம் கடைக்குள் நுழையும்போதே சொன்னார்.

"அவுங்க நேராதான் இருக்காங்க, கோணலு நம்ம கொழாயிலதானேன்னு சொல்லிட்டா. தலைகீழு பிரச்சினை தீர்ந்துச்சி தம்பி, இனிமே தெரியறது ஒண்ணுதான் பாக்கி."

மேல்மலையனூரில் நிலாக் காட்சி

எங்கள் முதலாளிக்குக் கூட்டம் என்றால் வியாபாரம், வியாபாரம் என்றால் கூட்டம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் ஜனம் திரள்வது அவருக்குத் தெரியும். அங்கே குழாயை நிறுத்தி, வருகிறவர்களுக்கு நிலாவைக் காட்டி, பத்துப் பேரில் ஒருவரையாவது வாங்க வைக்க வேண்டும் என்று திட்டமிட்டார். அமாவாசை என்றால் நிலா இல்லாத நாள் என்பதை நான் பணிவாக நினைவூட்டினேன். "அதெல்லாம் பார்த்துக்கினு இருந்தா தொழில் பண்ண முடியாது. மொதல்ல நீ போய் நில்லு" என்றார். மாசி அமாவாசைக்குப் பேனரோடு அனுப்பி வைக்கப்பட்டேன். பேனரில் முழுநிலா வரைந்திருந்தது.

வல்லத்தில் நயினார் அதே பஸ்ஸில் ஏறினார். செஞ்சிக்குச் சரக்கு பார்க்கப் போகிறாராம். பக்கத்தில் உட்கார்ந்து, "வளையலு முழங்கை வரைக்கும் ஏறுது தம்பி. கழட்டி வெச்சிட்டு கயிறு கட்டிக்கினு இருக்கா" என்றார். செஞ்சியில் இறங்கும்போது பேனரை ஒருமுறை பார்த்தார். நல்லவர், கேட்கவில்லை.

மேல்மலையனூரில் பொழுது சாய்ந்ததும் ஜனம் குழாயைச் சூழ்ந்துகொண்டது. பேனரில் நிலா இருந்ததால் எல்லாரும் நிலாவைக் கேட்டார்கள். நட்சத்திரத்தைக் காட்டினேன். முந்நூறு மடங்கில் நட்சத்திரம் ஒரு புள்ளியாகவே இருக்கும், அதுதான் இயற்கை. ஆனால் புள்ளியைப் பார்க்க வரிசையில் நின்றவன் இயற்கையை மன்னிப்பதில்லை. பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் வியாபாரம் குறையும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறபோது சொன்னாள்.

"கும்பலு வர்ற அன்னிக்கி நெலா இல்ல, நெலா வர்ற அன்னிக்கி கும்பலு இல்ல, உன் மொதலாளிக்கி யாருபா நாள் பார்த்துக் குடுத்தது?"

கறுப்பு வளையம்

ஒரு மத்தியானம் நயினாரை எதிரே வைத்துக்கொண்டு குழாயைக் கழற்றினேன். பெரிய லென்ஸ் என்று கம்பெனி பெருமையடித்துக்கொண்ட முன்கண்ணாடிக்குப் பின்னால், குழாய்க்குள் ஒரு விரல் ஆழத்தில், கறுப்பு அட்டை வளையம் ஒன்று ஒட்டியிருந்தது. நடுவில் ஐந்து பைசா அளவுக்கு ஓட்டை. அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வேலை செய்வது அந்த ஓட்டை மட்டும். ஓரத்துக் கண்ணாடி மோசம், அதை வெளிச்சத்துக்குக் காட்டினால் மானம் போய்விடும் என்று மறைத்திருக்கிறார்கள். வளையத்தை எடுத்துவிட்டு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தோம். வெளிச்சம் கூடியது. ஆனால் தொட்டிக்கு மேலோரத்தில் காவிக் கரை, கீழோரத்தில் நீலக் கரை. கல்யாணப் புடவை கட்டிய தண்ணீர்த் தொட்டியை அன்றுதான் பார்த்தேன்.

பழைய காலண்டர் அட்டையில் இடைப்பட்ட அளவில் ஓட்டை போட்டு நானே ஒரு வளையம் செய்தேன். பிறகு கண் வைக்கும் பக்கத்துச் சின்ன லென்ஸ்கள் விஷயம். பெட்டியில் மூன்று இருந்தன. முந்நூறு மடங்கு லென்ஸில் தண்ணீர்த் தொட்டி புகையாகிவிட்டது. அடுத்தது கொஞ்சம் தேவலை. கடைசியாக இருந்த, கம்பெனி வெட்கப்பட்டு விளம்பரத்தில் குறிப்பிடாமலே விட்ட, முப்பது மடங்கு லென்ஸ்தான் தொட்டியின் ஏணியைப் படிப்படியாகக் காட்டியது. பெரிதாக்க ஆக்க வெளிச்சம் பரவி மெலிகிறது, கெட்டி நெய்யில் தண்ணீர் விட்டுப் பெருக்குவது போல என்று உதாரணம் சொன்னேன். சொன்ன பிறகுதான் நெய்யை உதாரணம் காட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. நயினார் குழாயைத் துடைத்துத் துண்டில் சுற்றினார்.

"முந்நூறுன்னு வாங்கி முப்பதுக்கு வந்துட்டோம் தம்பி, ஊட்லயும் அவ அப்படித்தான் எறங்கிக்கினு வர்றா."

விருந்தாளி

பங்குனியில் வால்நட்சத்திரம் வந்தது. விழுப்புரம் கிளையில் குழாய் வாங்கியிருந்த ரயில்வே கார்டு ஒருவர், விடியற்காலை டூட்டி முடித்து இறங்கி, பிளாட்பார விளக்குகள் தொடாத ஒரு கோடியில் அதை நிறுத்தி, என்னையும் வரச்சொன்னார். தெற்கே தாழ்வாக இருந்த அதைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். வெளுத்த ஒரு திட்டு. கம்பெனி விளம்பரத்தில் அது துடைப்பம் போல் வாலை விரித்துக்கொண்டு பறந்தது. நியாயமாகச் சொன்னால் எங்கள் கம்பெனிக் குழாய்கள் உள்ளதை உள்ளபடி காட்டியது அந்த ஒன்றைத்தான். வால்நட்சத்திரம் இயல்பிலேயே மங்கலான திட்டு. இதை அவருக்கு விளக்கினேன். அவர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். அவருடைய பச்சைக் கொடி கக்கத்திலேயே இருந்தது.

"இத்தினி வருசம் கழிச்சி வர்றது, மூஞ்சியாவது கழுவிக்கினு வந்திருக்கலாம் சார்."

கோட்டக்குப்பத்துப் பிறை

சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த சலீம் என்பவர், பிறை பார்க்க உதவும் என்று ஒரு குழாய் வாங்கித் தம் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அதை இயக்கிக் காட்ட நான் கோட்டக்குப்பம் போனேன். கடற்கரையில் வைக்கலாம் என்றார்கள் சிலர். கடல் கிழக்கே, பிறை மேற்கே என்பதால் ஒரு மொட்டைமாடிக்கு ஏறினோம். சூரியன் இறங்கியது. சலீம் பார்த்தார், "தெரியுது, தெரியுது" என்றார். அடுத்தவர் பார்த்தார், அவருக்கும் தெரிந்தது, ஆனால் வேறு பக்கத்தில். மூன்றாமவருக்குக் கொம்பு கீழ்நோக்கித் தெரிந்தது. கீழே தெருவில் பிள்ளைகள் நாளைக்கே பெருநாள் என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பார்த்தேன். கண்ணை அசைத்தால் பிறையும் அசைந்தது. குழாயின் உள்விளிம்பில் பட்ட அந்தி வெளிச்சம் வளைந்து மின்னிக்கொண்டிருந்தது. இதற்குள் பள்ளிவாசல் இமாம், அங்கே எல்லாரும் ஹஜ்ரத் என்று அழைப்பவர், மேலே வந்தார். வயதானவர், நிதானமானவர். குழாயில் ஒரு தரம் பார்த்தார். பிறகு கையைப் புருவத்தில் வைத்து வெறுங்கண்ணால் மேற்கே வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது பிறையா, உங்க கொழாயோட ஓரமா?" என்று என்னைக் கேட்டார். ஓரம்தான் என்றேன். சலீமின் முகம் வாடிவிட்டது. நாளை பெருநாள் இல்லை என்பதைவிட, அவர் ஆசையாகக் கொண்டுவந்தது இப்படி ஆயிற்றே என்று. ஹஜ்ரத் அவர் தோளில் கைவைத்து, "ஆசையாத்தான் கொண்டாந்தே, அந்தக் கூலி உனக்கு உண்டு" என்றார். எனக்கு அப்போது நயினார் வீட்டு அம்மாள்தான் நினைவில் இருந்தார். கண்ணாடி வழியாகப் பார்ப்பது பார்த்ததாகுமா என்று படியிறங்கும்போது ஹஜ்ரத்திடம் பொதுவாகக் கேட்டேன். அவர் இரண்டு படி இறங்கி, நின்று, பதில் சொன்னார்.

"பிறை தெரியலன்னா இன்னொரு நோன்பு வெச்சி முப்பதா முடிச்சிருவோம், அதுல கஷ்டமில்ல, தெரியாததைத் தெரிஞ்சிச்சின்னு சொல்லிட்டு அப்புறம் இருக்கறதுதான் கஷ்டம்."

குன்றின் அடியில்

ஆனியில் ஒருநாள் காலை நயினாரின் வாடகைக் கார் கடை வாசலில் நின்றது. பின் இருக்கையில் அவர் மனைவி பத்மாவதி அம்மாள். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. முகத்தில் கண்கள் மட்டும் குறையாமல் இருந்தன. "காருக்குத் தோள் வலிக்காதுல்ல, அதான் வந்துட்டேன் தம்பி" என்றார். இனிமேல் தாமதிக்க முடியாது என்று டாக்டர் நயினாரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாராம். காரில் அவர் அதைச் சொல்லவில்லை. குன்றடியில் குழாயை நிறுத்தும் முக்காலியை இறக்கும்போது என் காதருகே சொன்னார். "எப்படியாவது தெரிய வெச்சிடு தம்பி."

முக்காலி காற்றில் ஆடாமல் இருக்க அதன் நடுவில் ஒரு பை மல்லாட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். அம்மாளுக்கு மடக்கு நாற்காலி. முப்பது மடங்கு லென்ஸ், காலண்டர் அட்டை வளையம். எல்லாம் சரியாக இருந்தது, பாறையைத் தவிர. அது மேற்குப் பார்த்த பாறை. காலையில் காற்று தெளிவாக இருக்கும், பாறை நிழலில் இருக்கும். சாயங்காலம் பாறையில் வெயில் விழும், ஆனால் காற்றில் கானல் எழுந்து எல்லாம் நெளியும். இரண்டில் காலையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை வைத்து, வெகுநேரம் பார்த்தார். நயினார் அவர் பக்கமாகக் குனிந்தார். "தெரிஞ்சிதா?" என்றார். "கல்லு தெரியுது. அவுங்க தெரியல" என்றார் அம்மாள். "நல்லாப் பாரேன், வரிசையா ஒக்காந்திருப்பாங்களே." "நான் எத்தினி தரம் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா எங்க ஒக்காந்திருப்பாங்கன்னு. மனசுல தெரியறதைக் கண்ணுல தெரிஞ்சிச்சின்னு சொல்லவா?" என்றார்.

இதை எதிர்பார்த்து நான் கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தேன். வாடிக்கையாளர்கள் ஃபிரேம் போட்டு அழகு பார்ப்பது. பாறைக்கு எதிரே வெயில் படும் ஒரு மேடு உண்டு. அங்கிருந்து யாராவது வெயிலைப் பாறைமேல் திருப்பிவிட்டால் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். குழாயைப் பிடிக்க நான் கீழே இருக்கவேண்டும். டிரைவர் போகிறேன் என்று கையை நீட்டினார். அதற்குள் நயினார் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அறுபதை நெருங்கியவர், கனத்த சரீரம்.

அம்மாள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆளைக் காட்டு தம்பி" என்றார். நான் குழாயை அவருக்குப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போனேன். குழாயில் அவர் தலைகீழாக, வானத்தை நோக்கி இறங்குகிறவர் போலத் தெரிந்திருப்பார். "வேட்டிய மடிச்சிக் கட்ட மாட்டாரு பாரு. தடுக்கும்... ஒக்காந்துட்டாரு. வேர்வையைத் தொடைக்கிறாரு. எழுந்துட்டாரு. ஐய, அந்தப் பக்கம் இல்ல, எடது கைப்பக்கம் படி இருக்குது. அவருக்கு வழி தெரியாது தம்பி." எப்படித் தெரியாமல் போகும், வருஷா வருஷம் கூட வருவாரே என்றேன். "கூட வருவாரு. கீழயே நின்னுடுவாரு. நான் ஏறி எறங்கற வரைக்கும் அந்தப் புளியமரத்தடியில யாரையாவது புடிச்சி மல்லாட்டை வெல பேசிக்கினு இருப்பாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு ஒருநாளும் மேல ஏறினது இல்ல."

நயினார் மேட்டை அடைந்தார். வெயில் ஒரு வெள்ளைச் சதுரமாகப் பாறைமேல் தாவியது, விழுந்தது, மறுபடி ஏறியது. சதுரம் வரிசையின் ஒரு கோடியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறைந்துவிட்டது. வெறுங்கண்ணால் பார்த்தேன். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவர் பாறைக்கு நேர் எதிரே போயிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். பிறகு விழுந்து கும்பிட்டார், எழுந்தார், நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் கீழே காத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார் போலிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கட்டுமா என்றார். அம்மாள் கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

எனக்கு ஹஜ்ரத்தின் வார்த்தை நெஞ்சில் கிடந்தது. தெரிந்தது என்று சொன்னாலும் பயம், தெரியவில்லை என்று சொன்னாலும் பயம். ஆனாலும் அம்மாளைக் கேட்டேன். "மூணு பேரு தெரிஞ்சாங்க. அப்புறம் இருபத்தஞ்சாவது ஆளு குறுக்க வந்து மறைச்சிக்கினாரு" என்றார். கூப்பிட்டு நகரச் சொல்லட்டுமா என்றேன். "வேணாம் தம்பி. எங்கள்ல ஒண்ணு சொல்லுவாங்க. நல்லதை நாமளே செஞ்சாலும், அடுத்தவங்களைச் செய்ய வெச்சாலும், அவுங்க செய்யறதைப் பார்த்து மனசு நெறைஞ்சாலும், மூணும் ஒண்ணுதான்னு. இத்தினி வருசமா நான் மொதல் வகையே பண்ணிக்கினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழாயில் வைத்தார். நயினார் இறங்கத் தொடங்கியதிலிருந்து கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

நயினார் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க மல்லாட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "தெரிஞ்சிதா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், தெரியவில்லை என்றால் அப்படியே திரும்பி ஏறிவிடுவார் போலிருந்தது. அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"தெரிஞ்சிது. ஊட்டுக்குப் போனதும் பாலு ரெண்டு டம்ளரு காய்ச்சச் சொல்லுங்க, தையிலேர்ந்து நீங்களும் தொடலன்னு எனக்குத் தெரியும்."

*

தொலைவில் உள்ளதைப் பக்கத்தில் காட்டும் என்று அச்சடித்த கம்பெனி, பக்கத்தில் உள்ளவரைப் பார்க்க அவரை ஒரு குன்றின்மேல் ஏற்றிவிட வேண்டும் என்பதையும் பெட்டியில் சேர்த்திருந்தால், நான் இன்னும் நாலு குழாயாவது மனச்சாட்சியோடு விற்றிருப்பேன்.